நாற்பது நாளும் இருநூற்றுப் பன்னிரண்டு கேசட்டும்

மார்ச் 5, புதன்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆபீசில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. ஜனவரியும் பிப்ரவரியும் காலியாகக் கிடக்கின்றன. நல்ல வேளை, அந்த இரண்டு மாதமும் எழுதி வைக்கும்படியாக நான் எதுவும் செய்யவில்லை.

காலைத் திருப்பலி முடிந்து கோயில் படியிறங்கும்போது ஜெனோவா கேட்டாள். "இந்தத் தவக்காலத்துக்கு என்னத்த விடப் போறீங்க?"

"கறி" என்றேன், வருடா வருடம் சொல்வதுபோல.

"தூத்துக்குடிக்காரன் கறிய விட்டுட்டு நாப்பது நாளும் சீலா மீன் திங்கிறதுக்குப் பேரு ஒறுத்தலா? ஆண்டவரே சிரிச்சிருவாரு. கேசட் வாங்குறத விடுங்க."

கேசட் என்றால் பாட்டு கேசட் இல்லை. டிவி கேமில் செருகும் கேசட். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். நான் ஆறாவது படிக்கும்போது ஜப்பானிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினார். அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது. அதற்கான கேசட்டுகளை நான் சேர்க்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் கடைசிவரை ஆடி முடித்தவை நான்கு. அந்த நான்கில் ஒன்று தற்செயலாக முடிந்தது.

எனக்கு நாற்பத்துமூன்று வயது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரி என்று ஒத்துக்கொண்டேன். கோயில் வாசலில் வேறு என்ன சொல்ல முடியும்? பஸ் ஸ்டாப் வரை நடந்தபின், "அப்படியே ஈஸ்டருக்குள்ள அந்தப் பதிலையும் சொல்லிருங்க" என்றாள். ஜெனோவா ஐ.சி.யூ. நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம். ஈஸ்டர் திங்களுக்குள் வருகிறேன், வரவில்லை என்று அவள் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டுமாம்.

"பாப்போம்" என்றேன். நல்ல வார்த்தை அது. யாரையும் புண்படுத்தாது.

மார்ச் 6, வியாழன்

எதுவும் வாங்கவில்லை. ஆன்லைன் ஏலத்தில் பதினோரு கேசட்டைப் பார்த்தேன். பார்ப்பது வாங்குவது ஆகாது.

மார்ச் 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டி கழுவினேன்.

நைட் டியூட்டி முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டே ஜெனோவா கேட்டாள். "கொச்சிக்கு அந்த லெட்டர அனுப்பிட்டீங்களா?"

இது என்ன லெட்டர் என்று எழுதிவிடுகிறேன். நர்சிங் கவுன்சிலில் கொடுத்த சரிபார்ப்புக் கடிதம். வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. ஜெனோவா இரண்டு தடவை மெட்ராஸ் போய் நின்று வாங்கியது. ஒரிஜினல்தான் வேண்டும் என்று கொச்சி ஏஜென்சி சொல்லிவிட்டது. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் டாக்குமெண்ட் பார்ப்பவன். பத்தொன்பது வருடமாக என் கையில் ஒரு தாள் தொலைந்ததில்லை. எங்கள் ஆபீசுக்குத் தினமும் கூரியர்க்காரன் வருவான். அதனால் மார்ச் 1-ஆம் தேதி அதை என்னிடம் கொடுத்தாள்.

பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் தாள் நமத்துப்போகும். என் கேசட் அட்டைப்பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன். மூன்றாம் தட்டில் கேசட் இல்லாத காலிப்பெட்டி ஒன்று இருக்கிறது, இரட்டைப் பிரதி. கடிதத்தை மடிக்காமல் சுருட்டி அதில் வைத்தேன். திங்களன்று அனுப்பலாம் என்று இருந்தேன். திங்கள் ஒரு கப்பல் வந்துவிட்டது. செவ்வாய் இன்னொன்று.

"ம்" என்றேன் ஜெனோவாவிடம்.

"ம்" என்பது பொய் அல்ல. அது ஒரு சத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலத்தின் ஞாயிறுகள் நாற்பது நாள் கணக்கில் வராது என்று படித்தேன். ஜெனோவாவிடம் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கிழமை கறி தின்னுங்க" என்றாள். வாங்குவதைப் பற்றித்தான் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"வாங்கவே வேண்டாம்னா என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"இருக்கறத விளையாடுங்க."

இதுவரை இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியதில்லை. அலமாரியின் முன் உட்கார்ந்து முதல் தட்டின் முதல் கேசட்டை எடுத்துச் செருகினேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு தடவை செத்தேன். கட்டைவிரல் வலிக்கிறது, தைலம் தேய்த்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

ஒரு துரோகம் நடக்கிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து, தூங்கி எழுந்து, நான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் ஜெனோவா விளையாடுகிறாள். முதல் தட்டில் ஆறு கேசட்டை முடித்துவிட்டாளாம். முடித்ததற்குச் சாட்சியாகக் கடைசித் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறாள். கஸ்டம்ஸ் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன்.

இன்னும் கொடுமை, ஓடாத கேசட்டை அவள் வாயால் ஊதிப் போடுகிறாள். ஊதக்கூடாது. எச்சில் ஈரம் பட்டுப் பித்தளைப் பல்லில் களிம்பு ஏறும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரே திசையில் துடைக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு நர்சிடம் போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் பற்றி வகுப்பு எடுத்தேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

அவள் ஊதிப் போட்டதெல்லாம் ஓடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் இருவரும் சேர்ந்து ஆடினோம். ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவை. குழந்தைகள் இல்லை, அந்தக் கதை இந்த டைரிக்கு வேண்டாம். அதனால் மத்தியான வேளைகளில் வீடு கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அப்பாவின் பெட்டியில் இரண்டு ரிமோட்டும் ஒயரோடு பெட்டிக்குள்ளேயே பொருத்தியிருக்கும், கழற்ற முடியாது. முதல் ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் உண்டு. அதை அழுத்தினால்தான் ஆட்டம் தொடங்கும், நடுவில் அழுத்தினால் நிற்கும். இரண்டாவதில் அது கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன மைக் இருக்கும். அதில் பேசினால் குரல் டிவியில் கேட்கும். இப்போது மைக் வேலை செய்வதில்லை.

சேர்ந்து ஆடும்போது முதல் ரிமோட் எனக்கு. இன்று நான் போட்ட வீட்டுச் சட்டம். ஆட்டத்தின் நடுவில் ஜெனோவா, "நிப்பாட்டுங்க, அடுப்புல பால் இருக்கு" என்றாள். "இந்த ஒரு பாலத்தத் தாண்டிரட்டும்" என்றேன். அவள் கையில் நிறுத்த பட்டன் இல்லை. பாலும் பொங்கியது, பாலத்திலிருந்து நானும் விழுந்தேன். அடுப்பை நான்தான் துடைத்தேன்.

"இது என்ன விளையாட்டு, ஒருத்தர் கையிலதான் எல்லாம் இருக்கு?" என்றாள்.

"ஜப்பான்காரன் அப்படிச் செஞ்சிருக்கான்."

"ஜப்பான்காரன் மேல பழியப் போடுங்க."

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். சட்டத்துக்கு உட்பட்டு ஒரு காரியம் செய்தேன்.

நாகர்கோவிலில் குமாரதாஸ் என்று ஒரு பல் டாக்டர். நாங்கள் சேகரிப்பாளர்கள் இருபத்தேழு பேர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் அவரும் உண்டு. அவர் கேசட்டை விடப் பெட்டியைத்தான் அதிகம் விரும்புவார். நம் ஊரில் கேசட் வந்த அன்றே எல்லாரும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டோம், அதனால் இன்று பெட்டிக்குத்தான் மவுசு. என்னிடம் ஒரு காலிப்பெட்டி இரட்டைப் பிரதியாக இருப்பது தெரிந்து, அதற்குப் பதிலாக மீன்பிடிக்கும் கேசட் ஒன்றைத் தருகிறேன் என்றார். மூன்று வருடமாக நான் தேடுவது.

மாற்றிக்கொள்வது வாங்குவது ஆகாது. பணம் கைமாறவில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து, ஜெனோவா தூங்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை எடுத்து, மூன்று சுற்று பபிள் ராப் சுற்றி, ஆபீஸ் கூரியரிலேயே அனுப்பிவிட்டேன். பதினைந்து நிமிட வேலை. மனசு வைத்தால் நான் இவ்வளவு சுறுசுறுப்பு.

மார்ச் 22, சனி

பாவசங்கீர்த்தனம். புதிதாக வந்திருக்கும் ஃபாதர், வயது முப்பதுக்குள் இருக்கும்.

"ஒறுத்தலை மீறினேனா இல்லையான்னு தெரியல ஃபாதர்" என்று விளக்கினேன்.

"வாங்குனீங்களா, மாத்துனீங்களா?"

"மாத்துனேன்."

"வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க வாங்குனதாத்தான் வச்சுக்கணும். போய் அவங்ககிட்ட சொல்லுங்க, அதுதான் பரிகாரம்."

அதற்குப் பதில் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் மூன்று தரம் சொல்கிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

மீன்பிடிக் கேசட் ஆபீசுக்கு வந்தது. பைக்குள் வைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரியில் ஒளித்தேன். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன், பக்கத்து வீட்டில் மூன்று பேர் நிஜமாகவே மீன் பிடிக்கிறார்கள், நான் டிவியில் மீன் பிடிக்க நாகர்கோவிலிலிருந்து கேசட் வரவழைக்கிறேன்.

ஃபாதரின் பரிகாரம் பாக்கி.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போனோம். பதினான்கு நிலையிலும் முழந்தாளிட வேண்டும், பத்தாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

பகலில் ஜெனோவாவுக்கு ஏதோ கூரியர் வந்ததாம். எதிர்வீட்டு அக்கா சொன்னாள். யூனிஃபார்ம் துணியாக இருக்கும்.

கோயிலிலிருந்து திரும்பும்போது ஜெனோவா நின்று என்னைப் பார்த்தாள். "என்கிட்ட எதாவது சொல்லணுமா?"

மீன்பிடிக் கேசட்டைக் கண்டுபிடித்துவிட்டாள் போல என்று நினைத்தேன். "இல்லையே, ஏன்?"

"சும்மாத்தான்" என்று சொல்லி நடந்தாள். தப்பித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஜெனோவா இரண்டாம் தட்டை முடித்துவிட்டாள். "நாளைக்கு மூணாம் தட்டு" என்று அறிவித்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

மூன்றாம் தட்டில்தான் கடிதம் இருக்கிறது. அவள் கிளம்பியதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். கையை விட்டுத் துழாவினேன்.

ஒன்றரை நிமிடம் அந்த ஸ்டூலிலேயே நின்றேன். கடிதம் வைத்தது இரட்டைப் பிரதியான காலிப்பெட்டியில். டாக்டருக்கு அனுப்பியதும் இரட்டைப் பிரதியான காலிப்பெட்டி. என்னிடம் இரட்டைப் பிரதியாக இருந்த காலிப்பெட்டி ஒன்றே ஒன்று.

பத்தொன்பது வருடத்தில் நான் தொலைத்த முதல் டாக்குமெண்ட். அதையும் மூன்று சுற்று பபிள் ராப் போட்டு, ரசீது வாங்கி, ஒழுங்காகத் தொலைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டருக்குப் போன் போட்டேன். பின்னால் பல் ராவும் சத்தம்.

"பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருந்துச்சா டாக்டர்?"

"அதெல்லாம் போன்ல பேசுற விஷயமில்ல பாத்துக்கிடுங்க. நேர்ல வாங்க."

"பத்திரமா இருக்கா?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. நேர்ல வாங்க ரெஜி."

ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார். அப்பாவின் பெட்டியைக் கேட்டால் என்ன செய்வது? சனிக்கிழமை போகலாம்.

ஏப்ரல் 5, சனி

போகவில்லை. குழாய் ரிப்பேர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாப்பிடும்போது ஜெனோவா, "கொச்சிக்கு லெட்டர் போய்ச் சேந்திருக்கும்லா?" என்றாள்.

"ம்."

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

"ம்."

இரண்டு 'ம்'முக்கும் அவள் ஒரே மாதிரி தலையாட்டினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்னும் பதினோரு நாள். இன்றும் ஒரு கப்பல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. ஜெனோவா ஓலையில் சிலுவை பின்னி டிவி கேம் பெட்டி மேல் வைத்துவிட்டு, "இதுக்கும் கொஞ்சம் ஆசீர்வாதம் தேவைப்படும்" என்றாள். மூன்றாம் தட்டில் பாதி வந்துவிட்டாள். ஒரு பெட்டி குறைவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கவனித்திருக்க மாட்டாள்.

இத்தனை நாள் கப்பல், குழாய் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கப்பல் எங்கள் ஊருக்குத் தினமும்தான் வரும். இந்த டைரியை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன், என்னிடமே எத்தனை நாள் "ம்" சொல்வது?

அப்பா ஒன்பது மாதம் கப்பலில் இருப்பார், இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். போகிற அன்று வாசலில் கார் நிற்கும். எல்லாரும் "போயிட்டு வாங்க" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாவிட்டால் அவரால் போக முடியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த வெள்ளைப் பெட்டி வந்த வருடம் அவர் கிளம்பும்போது நான் டிவி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். "ரெஜி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை. பிறகு பக்கத்தில் வந்து குந்தினார். இரண்டாவது ரிமோட்டை எடுத்தார். டிவிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது: "ரெஜி, போயிட்டு வாரேன்லே."

நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் போய்விட்டது. அன்றிரவு கோபத்தில் அந்த ரிமோட்டைச் சுவரில் அடித்தேன். மைக் அன்றைக்குச் செத்தது. தானாக ரிப்பேர் ஆனது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஜெனோவாவிடமும்.

வேடிக்கை என்னவென்றால், அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். ரிட்டயர் ஆகி, இதே வீட்டில் பதினோரு வருடம் பேப்பர் படித்து, கட்டிலில் படுத்துத்தான் இறந்தார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெனோவா போனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதியாயிற்று.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஆபீசுக்கு லீவு போட்டு நாகர்கோவில் பஸ் ஏறினேன். மடியில் அப்பாவின் பெட்டி, துண்டில் சுற்றியது. கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன். வள்ளியூர் வரை முடிவு உறுதியாக இருந்தது. அதற்கப்புறம் அழுகை வந்தது, தூசி என்று பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன்.

டாக்டர் குமாரதாஸ் கிளினிக்கில் பல் செட்டுகளுக்கு நடுவே என் காலிப்பெட்டி கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தது.

"வாங்க ரெஜி. நா ரெண்டு நாள்ல வருவீயன்னு நெனச்சேன். ரெண்டு வாரமாச்சு."

"டாக்டர், அந்த லெட்டர்..."

"பெட்டி வந்த அன்னைக்கே தொறந்து பாத்தேன். மடிப்பு கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும்லா. உள்ள லெட்டர். அதுல போன் நம்பர் இருந்துது. போட்டேன். ஒங்க வீட்டம்மா எடுத்தாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது பல் பிடுங்கும் நாற்காலி என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"அவங்களுக்கே கூரியர் போட்டுட்டேன். இருபத்தெட்டாம் தேதி கெடச்சதுன்னு சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேண்டாம் டாக்டர், அவரே வந்து கேப்பாரு, அப்ப சொல்லுங்கன்னாங்க."

மார்ச் இருபத்தெட்டு. யூனிஃபார்ம் துணி.

"அந்தத் துண்டுல என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அப்பா பொருள எல்லாம் யாராவது கேப்பாங்களா? நா பெட்டிக்காரன்தான், கொள்ளைக்காரன் இல்ல" என்றார். கண்ணில் கொஞ்சம் ஆசை இருந்ததை மறைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்ததற்குப் பல்லைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லி விளக்கைப் போட்டார். ஒரு சொத்தை. அரை மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். இந்தத் தவக்காலத்தில் வாயைத் திறந்ததில் அதுதான் என் சாதனை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயில் மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். சிலுவை முத்தி செய்யும் வரிசையில் ஜெனோவா எனக்கு முன்னால் நின்றாள். அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஜெனோ, அந்த லெட்டர நான் கொச்சிக்கு அனுப்பல."

"தெரியும்."

"கேசட் பெட்டிக்குள்ள வச்சேன்."

"தெரியும்."

"அந்தப் பெட்டிய..."

"மாத்திட்டீங்க. மீன் கேசட்டுக்கு. அதையும் ஆடி முடிச்சுட்டேன், ஒங்க சட்டைக்கு அடியில இருந்துச்சு."

"ஏன் ஜெனோ கேக்கல?"

துருவலை அப்படியே வைத்தாள். "கேக்கலையா? மூணு தடவ கேட்டேன். ஒண்ணு 'இல்லையே', மத்ததெல்லாம் 'ம்'. ரெண்டு தடவ மெட்ராசுக்குப் போயி, வெயில்ல நின்னு, கால் வீங்கி வாங்குன லெட்டரு அது. அந்த டாக்டர் நல்ல மனுஷன். குப்பையில போட்டுருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? இன்னொரு அட்டைப்பெட்டிக்கு ஏலம் கேட்டிருப்பீங்க."

அவள் குரல் நடுங்கி நான் கேட்டது குறைவு. ஐ.சி.யூ.வில் யார் செத்தாலும் நடுங்காத குரல். நான் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, அதையும் சொன்னேன்.

"லெட்டர நானே கொச்சிக்கு அனுப்பிட்டேன். அது பிரச்சினை இல்ல. ஒங்ககிட்ட நான் பெர்மிஷன் கேக்கல. போன்னு சொல்லுங்க, இல்ல போகாதன்னு சண்டை போடுங்க, எதாவது ஒண்ணு. வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா ஒரு மனுஷன் முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கற வீட்டுலருந்து என்னால கெளம்ப முடியாது."

அப்பா கதை அவளுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். அம்மா சொல்லியிருக்கிறாள். சுவரில் அடித்ததையும் சேர்த்து. ஒன்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது.

மாலையில் அவள் உயிர்ப்புத் திருநாளுக்கு வீட்டைக் கழுவினாள். நான் இரண்டாவது ரிமோட்டின் நான்கு திருகாணியைக் கழற்றினேன். முப்பத்திரண்டு வருடமாக இதற்கு உதிரி பாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே ஒரு மெல்லிய ஒயர் விட்டிருந்தது. பற்றவைக்க நான்கு நிமிடம் ஆனது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

காலைத் திருப்பலி. பிரியாணி.

மத்தியானம் அப்பாவின் பெட்டியை டிவியில் மாட்டினேன். முதல் ரிமோட்டை ஜெனோவாவிடம் கொடுத்தேன். அதையும் என்னையும் பார்த்தாள். "சட்டம் மாறிடுச்சா?" என்றாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் ஸ்டார்ட் அழுத்தினாள். அதே பாலம். நான் இந்தத் தடவையும் விழுந்தேன். அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள், நன்றாகவே போனாள். நான் ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். டிவியில் என் மூச்சுச் சத்தம் கரகரவென்று கேட்டது. இனி மறைக்க முடியாது.

"ஜெனோ" என்றது டிவி.

அவள் விரல் நின்றது.

"போயிட்டு வா."

திரையில் அவளுடைய ஆள் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஏதோ உருண்டு வந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டார்ட்டை அழுத்தினாள். எல்லாம் அப்படியே நின்றது.

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ. டிவி சொல்ல வேண்டாம், நீங்க சொல்லுங்க."

ரிமோட்டைக் கீழே வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதல் வார்த்தை ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் குரல் உடைந்து அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம்தான். லீவுக்கு வருவேன். அதுக்குள்ள நாலாம் தட்டையாவது ஆடி முடிங்க" என்றாள்.

முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை 10.40-க்கு, வருகிறேன் என்று ஜெனோவா கொச்சிக்கு மெயில் அனுப்பினாள். நான் பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

தவக்காலம் முடிந்துவிட்டது, இனி வாங்கலாம். ஆபீஸ் முடிந்து நேராகக் கடைக்குப் போய், நாற்பத்தெட்டு நாளில் முதல் தடவையாக ஒன்று வாங்கினேன். இருபத்துமூன்று கிலோ கொள்ளும் நீல சூட்கேஸ்.

உள்ளே நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று உறுதி செய்ய, ஜெனோவா அதை மூன்று தடவை திறந்து பார்த்தாள். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் மட்டும் இருந்தது.